கடற்பாலம் வரை வாருங்கள்: தமிழ் ஒலிபரப்புச் செய்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரின் தமிழ் வானொலி, தொலைக்காட்சிச் செய்திப் பிரிவுகளில் பணிபுரியும் இளையர்களுக்கும், அந்தப் பணியை நாடிப் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கும்,

மார்சிலிங்கில் குடியிருக்கும் ஒரு நேயர் எழுதுகிறேன். சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் வந்த அறிக்கையை நல்ல தமிழில் வாசித்துத் தருவதோடு உங்கள் வேலை முடிந்துவிடக் கூடாது. தமிழ் பேசும் மக்கள் இருக்கும் இடத்துக்கு நீங்களே போய், அவர்களிடம் தமிழில் கேட்டு, அவர்கள் குரலிலேயே பதிவுசெய்து கொண்டுவரும் செய்தி ஒவ்வொரு நாளும் ஒன்றாவது எங்கள் காதில் விழ வேண்டும்.

உங்கள் உழைப்பின் அருமை தெரிந்துதான் இதை எழுதுகிறேன். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வெளியே, நாள் முழுதும் ஒலிக்கும் தமிழ் வானொலியும் தமிழுக்கென ஓர் ஒளிவழியும் தமிழ் நாளிதழும் ஒருங்கே கொண்ட நாடுகள் மிகச் சில. ஒலி 96.8, வசந்தம், தமிழ் முரசு என்று மூன்றும் நமக்கு இருக்கின்றன. அவற்றில் செய்திப் பிரிவு எவ்வளவு சிறியது, ஒரே ஆள் எத்தனை வேலைகளைச் சுமக்கிறார் என்பதைக் கேட்கும்போதே உணர முடிகிறது. காலையில் செய்தியாளர் சந்திப்பு, மாலையில் குரல் பதிவு, இரவில் இணையத்துக்குத் தனிச் செய்தி. இத்தனைக்கும் நடுவே கையில் வந்த ஆங்கில அறிக்கையைத் தமிழாக்குவதுதான் விரைவான வழி. அந்த வழி வழக்கமாகிவிடக் கூடாது என்பதே என் கவலை.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நீங்கள் அறிவீர்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம். தமிழை அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. 2010இல் அது 3 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. இந்த எண்ணைக் காட்டி, தமிழ்ச் செய்திக்கு இவ்வளவு போதும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். எண் காட்டுவது வேறொன்றை. ஆங்கிலம் தெரிந்த தமிழர் அன்றைய அறிவிப்பை நண்பகலுக்குள் கைப்பேசியில் படித்துவிடுகிறார். அதே அறிவிப்பு இரவில் தமிழில் வரும்போது அவருக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆங்கிலம் தெரியாத மூதாட்டிக்கும், புதுக்கோட்டையிலிருந்தோ மன்னார்குடியிலிருந்தோ வந்து கப்பல் பட்டறையில் உழைக்கும் தம்பிக்கும் அறிவிப்பு போய்ச் சேர்கிறது. ஆனால் அது தங்கள் வாழ்க்கையை எப்படித் தொடுகிறது என்பதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. இரண்டு தரப்பாருக்கும் வேண்டியது ஒன்றுதான்: வேறெங்கும் கிடைக்காத, தமிழிலேயே பிறந்த செய்தி.

எங்கள் வட்டாரத்தை எடுத்துக்கொண்டே பேசுகிறேன். மார்சிலிங்கை நீங்கள் எம்ஆர்டி வரைபடத்தில் பார்த்திருப்பீர்கள். 1996 பிப்ரவரியில் திறந்த நிலையம். ஒரு பக்கம் கிராஞ்சி, மறுபக்கம் உட்லண்ட்ஸ், வடக்கே நீரிணை, அதற்கப்பால் ஜொகூர் பாரு. லிம் நீ சூன் என்ற தோட்ட அதிபரின் சீனத்துப் பூர்விக ஊரின் பெயரே இங்கு தங்கிவிட்டது. கிழக்கே சற்றுத் தள்ளி, பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலைபார்க்க வந்த தமிழரும் மலையாளிகளும் குடும்பம் குடும்பமாக வாழ்ந்த செம்பவாங். வடக்கில் தமிழ் பேசுவோரின் வேர் அங்கே தொடங்குகிறது. லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் மட்டும் தமிழர் இருப்பதாக நினைத்துப் படக்கருவியைத் தூக்கிக்கொண்டு சிராங்கூன் சாலைக்கே போகும் வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளச் சொல்வேன். தீபாவளிச் சந்தைக்குத் தேக்கா சரி. மற்ற நாள்களில் தமிழர் தீவு முழுவதும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில்தான் வாழ்கிறார்கள்.

எல்லையோரம் என்பதால் எங்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. இங்கே வானொலியைத் திருப்பினால் மலேசியாவின் மின்னலும் ராகாவும் கேட்கும். ஜொகூர் பாருவையும் நம்மையும் இணைக்கும் கடற்பாலத்தில் காலையில் நெரிசல் எப்படி என்று தெரிந்துகொள்ள அந்தப் பக்கத்து நிலையத்தைக் கேட்பவர்கள் எங்கள் புளோக்கிலேயே இருக்கிறார்கள். ஒரே பாலம், இரண்டு நாட்டுச் செய்தி, இரண்டிலும் தமிழ். எந்தப் பக்கத்துச் செய்தியாளர் பாலத்தருகே வந்து நின்று பேசுகிறாரோ அவரைத்தான் மக்கள் நம்புகிறார்கள்.

2020 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். 16ஆம் தேதி இரவு அன்றைய மலேசியப் பிரதமர் முகைதீன் யாசின் கொவிட் பரவலைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்தார். 18ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. இடையில் இருந்தது ஒரே ஒரு நாள். அந்த 17ஆம் தேதி பையும் தலையணையுமாகக் கடற்பாலத்தைத் தாண்டி வந்தவர்களில் எத்தனையோ பேர் தமிழர்கள்: பாதுகாவலர்கள், துப்புரவுப் பணியாளர்கள், தாதியர், தொழிற்சாலை ஊழியர்கள், பேருந்து ஓட்டுநர்கள். தினமும் விடியுமுன் கிளம்பி வந்து இரவு வீடு திரும்பியவர்கள். தங்க இடமில்லாத சிலர் கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்தருகே படுத்துறங்கினார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒரே ஒரு நிறுத்தம். ஊழியர் ஒருவருக்கு ஓரிரவுக்கு 50 வெள்ளி வீதம் 14 இரவுகளுக்கு உதவித்தொகை தருவதாக மனிதவள அமைச்சு நிறுவனங்களுக்கு அறிவித்தது. இவ்வளவும் எல்லா மொழியிலும் வந்த செய்தி.

வராத செய்தி எது தெரியுமா? பதினான்காம் இரவுக்குப் பிறகு அந்த மனிதர் எங்கே படுத்தார் என்பது. ஓர் அறையில் எத்தனை பேர் சேர்ந்து வாடகை கொடுத்தார்கள், ஜொகூரில் இருந்த பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள், மாமியார் இறந்தபோது கைப்பேசித் திரையில் இறுதிச் சடங்கைப் பார்த்தவர் மறுநாள் வேலைக்குப் போனாரா என்பதெல்லாம். ஆகஸ்ட் 17 முதல் ஒரு ஏற்பாடு வந்தது: இங்கே குறைந்தது 90 நாள் தொடர்ந்து வேலைசெய்தால்தான் விடுப்பில் வீடு போகலாம். அந்த 90 நாளும் ஒரு தாய்க்கு என்ன என்பதை எந்த அறிக்கையும் சொல்லாது. 2021 நவம்பர் 29இல் தடுப்பூசி போட்டவர்களுக்கான பேருந்துகள் ஓடத் தொடங்கின. 2022 ஏப்ரல் 1இல்தான் பாலம் முழுதாகத் திறந்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேல். அந்த இரண்டு ஆண்டில் தமிழில் ஒவ்வொரு வாரமும் ஒரு குடும்பத்தின் குரலைக் கேட்டிருக்க முடியும். ஆங்கிலச் செய்தியாளர் எவ்வளவு திறமைசாலியானாலும், தமிழில் அழும் ஒருவரிடம் தமிழில் பேசி வாங்கும் ஒரு சொல்லை அவரால் வாங்க முடியாது. அது உங்களிடம் மட்டும் இருக்கும் ஆற்றல்.

அதே 2022 மே மாதம் செய்தி எங்கள் வாசலுக்கே வந்தது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை விரிவாக்க மார்சிலிங் கிரசென்ட், மார்சிலிங் லேன் பகுதியில் 210 முதல் 218 வரை ஒன்பது புளோக்குகளை அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போவதாக அறிவிப்பு. சந்தை விலைப்படி இழப்பீடு, உட்லண்ட்ஸ் வட்டாரத்திலேயே மாற்று வீடு. திட்டத்தின் தேவையை நான் மறுக்கவில்லை. கடற்பாலத்தில் காத்துக் கிடப்பவர்களுக்குச் சாவடி பெரிதாக வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். ஆனால் நாற்பது ஆண்டு ஒரே மாடியில் வாழ்ந்தவருக்கு இழப்பீடு என்ற ஒரு சொல்லுக்குள் பல கேள்விகள் இருக்கின்றன. மத்திய சேமநிதிக்குத் திரும்பப் போகும் தொகை போகக் கையில் எவ்வளவு நிற்கும்? எழுபது வயதில் புதுக் கடன் கிடைக்குமா? ஒரே தளத்தில் இருந்த அக்கம்பக்கத்தார் மறுபடி ஒரே தளத்தில் இருக்க வழியுண்டா? இவற்றைத் தமிழில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்கும் நிகழ்ச்சி, வீவக அதிகாரி ஒருவரையும் அந்தப் புளோக்கில் வாழும் ஒரு பாட்டியையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் நிகழ்ச்சி, அதுதான் ஒலிபரப்புச் செய்தித் துறையின் வேலை என்று நான் நினைக்கிறேன். வசந்தத்தின் 'எதிரொலி' போன்ற நடப்பு விவகார நிகழ்ச்சிகளின் பயனும் அதில்தான் இருக்கிறது. இன்னும் நேரம் கடந்துவிடவில்லை. இடம் மாறியவர்களைத் தேடிப் போய், மாறிய பின் வாழ்க்கை எப்படி என்று கேட்கலாம். அறிவிப்பு நாளில் எல்லோரும் வருவார்கள். மூன்று ஆண்டு கழித்து வருபவர்தான் செய்தியாளர்.

நான் புதிதாக ஒன்றையும் கேட்டுவிடவில்லை. இந்த நாட்டின் தமிழ் ஒலிபரப்பு தொடக்கத்திலிருந்தே மக்கள் வீட்டுக்குள் புகுந்து பேசியதுதான். 1963 பிப்ரவரி 15இல் விக்டோரியா நினைவு மண்டபத்தில் தொலைக்காட்சியைத் தொடங்கிவைத்த எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அமைச்சராகும் முன் செய்தித்தாளில் உழைத்தவர்; வானொலிக்கு நாடகம் எழுதியவர். புதுமைதாசன் என்ற பெயரில் எழுதிய பி. கிருஷ்ணன் 1960களின் இறுதியில் 'அடுக்கு வீட்டு அண்ணாசாமி' என்ற வானொலித் தொடரைத் தந்தார். கம்பத்து வீடுகளை விட்டு அடுக்குமாடிக்கு வந்த தமிழ்க் குடும்பத்தின் தொல்லைகளும் சிரிப்பும் அதில் இருந்தன. அது நாடகம்தான், செய்தி அல்ல. இருந்தும் அன்றைய மக்கள் வாழ்க்கையை அந்த அளவுக்குக் காதில் கேட்டுப் பதிந்த செய்தித் தொகுப்பு எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஜே.எம். சாலி ஆனந்த விகடனிலும் தமிழ் முரசிலும் எழுதிப் பழகிய கையோடு ஒலிபரப்புச் செய்திக்கு வந்தார். 2008இல் கிருஷ்ணனுக்கும் 2012இல் சாலிக்கும் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. இருவரும் எழுத்தாளர்கள் என்பதால் மதிக்கப்பட்டார்கள். அவர்கள் காது எவ்வளவு கூர்மையானது என்பதைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் செய்தி சேகரிப்பதன் விலை என்னவென்று நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் இலங்கைத் தமிழர்கள். 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசை லண்டனிலிருந்து ஒலித்தது. ஆனால் அதற்கு உயிர் கொடுத்தவர்கள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வவுனியாவிலும் இருந்த செய்தியாளர்கள். மயில்வாகனம் நிமலராஜன் அவர்களில் ஒருவர். போரின் நடுவே யாழ்ப்பாணத்தில் என்ன நடக்கிறது என்பதை உலகத் தமிழர்கள் அவர் குரலில் கேட்டார்கள். 2000 அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நடப்பில் இருந்த நேரத்தில், வீட்டிலேயே அவரைக் கொன்றார்கள். இதுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. தமிழோசை வானொலியும் 2017 ஏப்ரல் 30ஆம் தேதியுடன் ஓய்ந்தது. நமது தீவில் உங்களுக்கு அந்த ஆபத்து இல்லை. எம்ஆர்டியில் ஏறி வந்து, பேசிவிட்டு, இரவு உணவுக்கு வீடு போய்விடலாம். நிமலராஜன் உயிரைக் கொடுத்துச் செய்த வேலையை நீங்கள் ஒரு மாலைப்பொழுதில் செய்ய முடியும் என்கிறபோது, அதைச் செய்யாமலிருப்பது எனக்கு மிகவும் வலிக்கிறது.

ஒலிவாங்கியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இதை நான் பல தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன். சந்தையிலோ கோப்பிக்கடையிலோ செய்தியாளர் கருவியை நீட்டியதும் நம் மக்கள் தடுமாறுகிறார்கள். அதுவரை சரளமாகத் தமிழ் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென ஆங்கிலத்துக்கு மாறுகிறார், அல்லது 'எனக்குத் தமிழ் அவ்வளவா வராது' என்று ஒதுங்குகிறார். காரணம் எளிது. வானொலியில் கேட்டுப் பழகிய தமிழ் எழுத்துத் தமிழ். தான் பேசுவது அதுபோல் இல்லையே என்ற கூச்சம். பள்ளிகளில் பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று 2005இலேயே தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பரிந்துரைத்து, வகுப்பறையில் அது நுழைந்துவிட்டது. செய்தி அறையிலும் அது நுழையட்டும். நீங்கள் வாசிப்பது எழுத்துத் தமிழாகவே இருக்கலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. தெளிவான உச்சரிப்பை, குறிப்பாக ழகர லகர ளகரத்தை, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஆனால் மக்கள் பேசும் பகுதியில் அவர்கள் வீட்டில் பேசுவதுபோல் பேசட்டும். 'லா' போட்டுப் பேசினாலும், இடையில் இரண்டு மலாய்ச் சொல் வந்தாலும் வெட்டாதீர்கள். 'அண்ணே, வீட்டுல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க' என்று முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கருவியை நீட்டிப் பாருங்கள். பேச்சு தானாக ஓடும். கேள்வியைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கவும் பழகுங்கள். நல்ல பதில் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும்.

விடுதிகளில் இருக்கும் ஊழியர்களை மறக்காதீர்கள். 2013 டிசம்பர் 8 இரவு ரேஸ் கோர்ஸ் சாலையில் நடந்த கலவரம் 1969க்குப் பிறகு இந்த நாடு கண்ட முதல் கலவரம். கலவரத்தைத் தூண்டிய விபத்தில் பேருந்து மோதி இறந்தவர் தமிழ்நாட்டுத் தொழிலாளி. குற்றஞ்சாட்டப்பட்ட 25 பேரும் இந்திய நாட்டவர்கள். முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்து, அடுத்த ஆண்டு அறிக்கையும் வந்தது. அறிக்கைக்கு முன்பே, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இளைஞர்கள் எங்கே கூடுகிறார்கள், என்ன பேசிக்கொள்கிறார்கள், எதில் மனம் நோகிறார்கள் என்பதை வாரந்தோறும் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு தமிழ்ச் செய்தியாளர் இருந்திருந்தால், நாடு அவர்களை அந்த இரவில் முதன்முறையாகப் பார்த்ததுபோல் திகைத்திருக்காது. ஆறு ஆண்டுக்குப் பிறகு கொவிட் வந்தது. 2020 ஏப்ரல் 5இல் பொங்கோலிலும் தோ குவானிலும் இரண்டு பெரிய விடுதிகளைத் தனிமைப் பகுதிகளாக அறிவித்தார்கள். டிசம்பரில் வெளியான கணக்கின்படி, விடுதிகளில் இருந்த ஏறத்தாழ 323,000 ஊழியரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. அடைபட்டுக் கிடந்த அந்த மாதங்களில் அவர்கள் கைப்பேசியில் சுற்றிய தமிழ் ஒலிப்பதிவுகளில் எது உண்மை, எது புரளி என்று அவர்களுக்கு யார் சொன்னது? பொய்ச் செய்தியைத் தடுக்க 2019இல் சட்டம் வந்துவிட்டது. சட்டம் பொய்யை நிறுத்தலாம். அந்த இடத்தில் உண்மையை வைக்க ஒரு நம்பகமான குரல் வேண்டும். அந்தக் குரலை நெருக்கடி நாளில் புதிதாக உண்டாக்க முடியாது. சாதாரண நாள்களில் பழகியிருக்க வேண்டும். உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் எத்தனை விடுதிகள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு ஞாயிறு மாலை வந்து அவர்களோடு தேநீர் குடித்துப் பேசுங்கள். அன்றைக்கே செய்தி வேண்டும் என்று அவசரப்படாதீர்கள்.

செய்திப் பிரிவுகளை நடத்தும் மூத்தவர்களுக்கு ஒரு சொல். மேலே நான் கேட்டதெல்லாம் நேரம் கேட்கும் வேலை. இளையரை அரை நாள் வெளியே அனுப்பினால் அன்றைக்கு இரண்டு மொழிபெயர்ப்புச் செய்திகள் குறையும். குறையட்டும். அந்த இரண்டையும் நாங்கள் வேறெங்காவது படித்துக்கொள்வோம். ஒவ்வொரு செய்தியாளருக்கும் ஒரு வட்டாரத்தைக் கொடுங்கள்: ஒருவருக்கு உட்லண்ட்ஸ், ஒருவருக்கு ஜூரோங், ஒருவருக்கு பிடோக். ஆண்டு முழுவதும் அந்த வட்டாரத்தின் கோயில் திருவிழா, பள்ளிவாசல் கஞ்சி, சமூக மன்றக் கூட்டம், இறுதிச் சடங்கு என எல்லாவற்றுக்கும் அவர் போகட்டும். அங்குள்ளோர் அவர் தொலைபேசி எண்ணைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஏதாவது நடந்தால் முதல் அழைப்பு அவருக்கு வர வேண்டும். சில நேரம் அவர் கொண்டுவரும் செய்தி அமைப்புகளுக்கோ அமைச்சுக்கோ சங்கடமாக இருக்கும். அப்போது அவரைத் தனியே நிற்க விடாதீர்கள். கேட்டது உண்மையா, எதிர்த்தரப்பிடம் பதில் கேட்டாரா, யாருடைய பெயரையும் வீணாகக் கெடுக்காமல் சொன்னாரா என்று மட்டும் பாருங்கள். மூன்றும் சரியென்றால் ஒலிபரப்புங்கள்.

கடைசியாக, பக்கத்தில் வரும் ஒரு செய்தி. உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜொகூர் பாருவின் புக்கிட் சாகார் வரை ஆர்டிஎஸ் இணைப்பு ரயில், நான்கு கிலோமீட்டர். 2026 இறுதிக்குள் சேவை தொடங்க வேண்டும் என்பது திட்டம். ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பயணிகள் வரை போகலாம் என்கிறார்கள். திறப்பு விழா நாளில் எல்லாத் தொலைக்காட்சிகளும் அங்கே இருக்கும், நீங்களும் இருப்பீர்கள். என் வேண்டுகோள் அதற்கு முன்னும் பின்னும் உள்ள நாள்களைப் பற்றியது. விடியற்காலை நாலரை மணிக்குப் பேருந்தில் வந்து கடற்பாலத்தில் நடந்து கடக்கும் தமிழ்த் தாதியிடம் இப்போதே ஒரு முறை பேசுங்கள். ரயில் வந்து ஆறு மாதம் கழித்து அவரையே தேடிப் பிடித்து மறுபடி பேசுங்கள்: தூக்கம் கூடியதா, கட்டணம் கட்டுப்படியாகிறதா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகுமுன் முகம் பார்க்க முடிகிறதா என்று. இரண்டு பதிவையும் சேர்த்து ஒரே இரவில் ஒலிபரப்புங்கள்.

மார்சிலிங்கில் யாரைத் தேடிப் போவது என்று தெரியாவிட்டால், நிலையத்தை விட்டு இறங்கி முதல் கோப்பிக்கடையில் தமிழ் பேசுகிற யாரிடமும் கேளுங்கள். வழி காட்ட நாங்கள் இருக்கிறோம். இந்த மாதமே வாருங்கள்.

அன்புடன்,
மார்சிலிங் நேயர் ஒருவர்